தொப்பிக்காகச் செத்த கொக்கும் கூடவே மாட்டிய கரண்டிவாயனும்

அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்குப் போகும் பறவைப் பிரியர்கள் ஆசையாகத் தேடுவது இளஞ்சிவப்புக் கரண்டிவாயனை. வேடந்தாங்கலுக்கு வரும் வெள்ளைக் கரண்டிவாயனுக்கு இது உறவு. அதே தட்டை அலகு, உடம்பு மட்டும் ரோஸ் கலர். தின்னும் இறால் வகைகளில் உள்ள நிறமிதான் இறகில் ஏறுகிறது.

நூறு வருடத்துக்கு முன் இந்தப் பறவை அங்கே ஏறக்குறைய காணாமலே போனது. காரணம்... பெண்களின் தொப்பி!

அப்போது இறகு செருகிய தொப்பிதான் ஃபேஷன். 1886ல் ஃபிராங்க் சாப்மன் என்ற பறவை ஆய்வாளர் நியூயார்க் தெருக்களில் நடந்தபடியே எண்ணிப் பார்த்தார். 700 தொப்பிகளில் 542ல் இறகு! அதிக கிராக்கி வெண்கொக்கின் இறகுக்கு. 1903ல் ஒரு அவுன்ஸ் 32 டாலர். அன்று தங்கமே 21 டாலருக்குக் கீழேதான்.

அந்த மெல்லிய இறகு முளைப்பது இனப்பெருக்கக் காலத்தில் மட்டும். அதனால் வேட்டைக்காரர்கள் கூடுகளுக்கே வந்தார்கள். தாய்ப்பறவை சுடப்படும், குஞ்சுகள் பட்டினியில் சாகும்.

கரண்டிவாயனின் இறகு சீக்கிரம் வெளுத்துவிடும் என்பதால் தொப்பிக்காரர்களுக்கு அதில் பெரிய ஆர்வமில்லை. ஆனாலும் தப்பவில்லை. கொக்குகளோடு ஒரே மரத்தில் கூடு கட்டியதே அதன் குற்றம். இறக்கையை விசிறியாக்கி டூரிஸ்டுகளுக்கு விற்றார்கள், கறிக்காகவும் சுட்டார்கள்.

காவலுக்கு 1902ல் நியமிக்கப்பட்டவர் கை பிராட்லி. சிறுவயதில் அவரே இறகு வேட்டையாடியவர்தான் (திருந்தியவரை விடக் கெட்டிக்காரக் காவலர் யார்?). 1905 ஜூலை 8 அன்று, பறவைகளைச் சுட்டவர்களைப் பிடிக்கப் படகில் போனவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 35. சுட்டவர் மீது வழக்கு நடத்தவே ஜூரிகள் சம்மதிக்கவில்லை.

1910ல் நியூயார்க் மாநிலம் இறகு விற்பனையைத் தடுத்தது. 1918ல் நாடு முழுவதற்கும் பறவைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கொக்குகள் மெல்லத் திரும்பின. கரண்டிவாயனோ 1930களில்கூட விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தது. 1939ல் ராபர்ட் போர்ட்டர் ஆலன் அலையாத்தித் தீவில் கூடாரமடித்து அதை ஆராய்ந்தார். 1947ல் எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்கா திறந்தது. 1979ல் ஃப்ளோரிடா விரிகுடாவில் கூடுகள் ஆயிரத்தைத் தாண்டின.

பிறகு மறுபடி சரிவு. இந்தத் தடவை துப்பாக்கி இல்லை. தண்ணீரைக் கால்வாய்களில் திருப்பியதும் கடல்மட்டம் உயர்ந்ததும்தான். தண்ணீர் வற்றி மீன்கள் ஓரிடத்தில் சேர்ந்தால்தான் குஞ்சுக்கு இரை. அது கிடைக்காத பறவைகள் இப்போது வடக்கே தள்ளிப் போய்க் கூடு கட்டுகின்றன.