யாரப்பா உள்ளே போறது?

செஞ்சிக்குப் போயிருக்கிறீர்களா? திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகிற சாலையில், யாரோ பாறைகளைக் கொட்டிக் குவித்துவிட்டுப் போனது மாதிரி மூன்று குன்றுகள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. மூன்றையும் வளைத்து மதில்.

ராஜகிரி மேல் ஏறிப் பாருங்கள். ஒரு வாசலைத் தாண்டினால் இன்னொரு வாசல். மூச்சு வாங்கிக்கொண்டு உச்சியை நெருங்கினால், பாறை பிளந்து சுமார் 24 அடி அகலத்துக்கு ஒரு பள்ளம்! அந்தக் காலத்தில் இதைக் கடக்க ஒரு மரப்பாலம்தான். அதை எடுத்துவிட்டால் எந்தக் கொம்பனும் அந்தப் பக்கம் போக முடியாது. மராட்டிய மன்னர் ராஜாராம் இங்கே இருந்தபோது, ஔரங்கசீப்பின் படை 1690-ல் வந்து முற்றுகை போட்டது. கோட்டையைப் பிடிக்க 1698 ஆகிவிட்டது!

அதே கோட்டை, 1750 செப்டம்பரில் ஒரே ராத்திரியில் விழுந்தது. பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் ஆட்கள் கீழே ஊர் வாசலை வெடிவைத்துத் தகர்த்து உள்ளே நுழைந்தார்கள். விடியும்போது மூன்று மலையும் அவர்கள் கையில். மதில் எத்தனை உயரம் என்பதைவிட, வாசலில் என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம் போலிருக்கிறது.

இதே வாசல் பிரச்னை கம்ப்யூட்டர் உலகத்துக்கும் வந்தது. 'சம்பந்தமே இல்லையே' என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

1995 மே மாதம். அமெரிக்காவில் நெட்ஸ்கேப் என்ற நிறுவனம் இன்டர்நெட் பார்க்க உதவும் ப்ரௌஸரை விற்றுக்கொண்டிருந்தது. அதற்குள் ஓடுகிற மாதிரி ஒரு சின்ன மொழி வேண்டும், அதுவும் உடனே! பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாளில் அதன் முதல் வடிவத்தை எழுதிக் கொடுத்தார். அதுதான் பின்னாளில் ஜாவா ஸ்கிரிப்ட்.

புரோகிராம் எழுதிப் பழக்கமில்லாதவர்களும் இதில் எழுத வேண்டும் என்பது எண்ணம். அதனால் மொழிக்குத் தாராள மனசு! தப்பு செய்தாலும் முடிந்தவரை சத்தம் போடாது. 'சரி, இவர் இதைத்தான் சொல்ல வந்திருப்பார்' என்று தானே ஒரு அர்த்தம் பண்ணிக்கொண்டு போய்விடும்.

நல்ல குணம்தானே? மளிகைக்கடைக் கணக்கு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 'முருகேசன்' பெயரில் பாக்கி இருக்கிறது. ஒருநாள் அவசரத்தில் கடைப்பையன் 'முருகேசண்' என்று எழுதி, வாங்கிய பணத்தை வரவு வைக்கிறான். கணக்குப்பிள்ளை 'யாருடா இது?' என்று கேட்கவில்லை. பேசாமல் புதுப் பக்கம் திறந்துவிட்டார். தீபாவளிக்குக் கணக்குப் பார்க்கும்போது முருகேசன் பாக்கி அப்படியே நிற்கிறது. சண்டை வருமா, வராதா?

ஜாவா ஸ்கிரிப்டும் இதையேதான் செய்தது. ஒரு பெயருக்கு மதிப்புக் கொடுக்கும்போது எழுத்துப் பிழை வந்தால், 'இப்படி ஒரு பெயரே கிடையாதே' என்று நிறுத்தாது. அந்தப் பிழைப் பெயரிலேயே புதுசாக ஒன்றை உண்டாக்கும். அதுவும் புரோகிராமின் எந்த மூலையிலிருந்தும் எட்டுகிற மாதிரி! தப்பு நடந்த இடம் ஒன்று, வலி தெரிகிற இடம் வேறு. தேடிக் கண்டுபிடிப்பதற்குள் விடிந்துவிடும். இன்னொரு கூத்து: 010 என்று எழுதினால் பத்து என்றுதானே நினைப்பீர்கள்? அது எட்டு என்று எடுத்துக்கொள்ளும்!

விளையாட்டுச் சாமான் மாதிரி ஆரம்பித்த மொழியில் கடையும் கடுதாசியும் நடக்க ஆரம்பித்ததும்தான் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கியது. 'இனிமேல் கண்டிப்பு' என்று சட்டம் போட்டுவிடலாமே? முடியாது. அதற்குள் உலகம் பூராவும் எத்தனையோ இணையப் பக்கங்கள் அந்தத் தாராளத்தை நம்பியே ஓடிக்கொண்டிருந்தன. வாசலைச் சட்டென்று இறுக்கினால், உள்ளே குடியிருப்பவர்களே நசுங்கிப் போவார்கள்.

அண்டை வீட்டில் ஒரு முன்மாதிரி இருந்தது. லாரி வால் உருவாக்கிய பெர்ல் என்ற மொழி, 1994-ல் தன் ஐந்தாவது பதிப்பில், 'வேண்டுமென்பவர்கள் மட்டும் கண்டிப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்' என்று ஏற்பாடு செய்திருந்தது. 2009 டிசம்பரில் ஜாவா ஸ்கிரிப்டுக்கும் அதே வழி. புரோகிராமின் தலைப்பில் 'யூஸ் ஸ்ட்ரிக்ட்' என்று இரண்டு வார்த்தை எழுத வேண்டும். அதாவது, 'என்னிடம் கண்டிப்பாக இரு!'

இதில் ஒரு சாமர்த்தியம் உண்டு. அந்த இரண்டு வார்த்தையையும் மேற்கோள் குறிக்குள் எழுதச் சொன்னார்கள். பழைய ப்ரௌஸருக்கு அது வெறும் வார்த்தை. 'என்னமோ முணுமுணுக்கிறான்' என்று விட்டுவிடும். புதிய ப்ரௌஸருக்கோ அது கோட்டை வாசலில் சொல்லும் அடையாளச் சொல்! உடனே விறைத்து நிற்கும். அறிவிக்காத பெயரா? நில். 010-ஆ? நில். தப்பு எங்கே நடந்ததோ அங்கேயே கையும் களவுமாகப் பிடிபட்டது.

சிக்கலும் வராமல் இல்லை. பல பேர் எழுதிய கோப்புகளை ஒன்றாக ஒட்டியபோது, முதல் கோப்பின் கட்டளை அடுத்தவர் எழுதியதையும் சேர்த்துக் கட்டுப்படுத்தியது. நேற்று வரை ஓடியது இன்று படுத்துக்கொண்டது! அதனால், ஒவ்வொருவரும் தங்கள் பகுதிக்குள் மட்டும் கட்டளை போடப் பழகினார்கள்.

2015-ல் வந்த பதிப்பில் மாட்யூல், கிளாஸ் என்ற புது வசதிகளுக்குக் கேட்காமலே கண்டிப்பு உண்டு என்றாக்கினார்கள். பழைய பாணியில் எழுதுகிறவர்களுக்கு இன்றைக்கும் அது விருப்பம்தான். இருந்தவர்களை விரட்டவில்லை, புது வாசல்களை மட்டும் காவலோடு கட்டினார்கள்.

கண்டிப்பான காவல்காரனை யாருக்கும் முதலில் பிடிப்பதில்லை. ஆனால், கணக்குப்பிள்ளை அன்றைக்கே 'யாருடா இது?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், தீபாவளியன்று கடை வாசலில் சண்டை வந்திருக்குமா? அடுத்த தடவை ராஜகிரியில் அந்தப் பள்ளத்தைக் கடக்கும்போது, ஒரு நிமிடம் நின்று யோசித்துப் பாருங்கள்!