ஏர் நின்றது, பள்ளி திறந்தது

திருவிதாங்கூரின் கல்வி வரலாற்றை எழுதப் புகுவோர், 1817ஆம் ஆண்டில் இராணி கௌரி பார்வதிபாய் வெளியிட்ட ஆணையை முதற்கண் குறிப்பிடுவது வழக்கம். மக்களின் கல்விச் செலவை அரசே ஏற்றல் வேண்டும் என்பது அவ்வாணையின் கருத்து. போற்றத்தக்க கொள்கையே. ஆயினும் அதன்பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம், அந்நாட்டு வயல்களில் உழைத்த புலயர் சமூகக் குழந்தைகளுக்கு அரசுப் பள்ளியின் வாயில் அடைபட்டே கிடந்தது. அதனைத் திறக்கப் போராடியவர், தாம் எழுதப் படிக்க அறியாத ஓர் உழவர் என்பது நம் நகரத்தார் நெஞ்சில் நிறுத்த வேண்டிய செய்தியாகும்.

விழிஞ்ஞத்துக்கு அணித்தான வெங்ஙானூரில் 1863ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28ஆம் நாள் பிறந்தவர் அய்யங்காளி. 1904இல் அவ்வூரில் தம் மக்களுக்கென ஓர் ஓலைப்பள்ளி அமைத்தார். எதிர்த்தோர் அதனைத் தீக்கிரையாக்கினர். சாம்பலின்மீதே மீண்டும் பள்ளி எழுந்தது. 1907இல் சாதுஜன பரிபாலன சங்கத்தை அவர் நிறுவினார்.

தமக்கெனத் தனிப்பள்ளி இருந்தால் போதாதா எனச் சிலர் வினவலாம். பொதுப்பணத்தில் நடைபெறும் பள்ளியில் அனைவர்க்கும் உரிமை உண்டு என்பதே அவர் நிலைப்பாடு. அவ்வுரிமை மறுக்கப்பட்டபோது, எம் குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்கும்வரை நும் வயல்களில் இறங்கோம் என உழவர் உறுதி பூண்டனர். கூலி உயர்வும் கோரிக்கைகளுள் ஒன்றே. எனினும் அவற்றுள் தலையாயது கல்வி. நிலங்கள் தரிசாயின; உழவர் குடிசைகளில் பட்டினி புகுந்தது. விழிஞ்ஞம் மீனவர்கள் தம் படகுகளில் அவர்களுக்கு வேலை தந்து துணைநின்றனர். ஓராண்டளவு நீடித்த இப்போராட்டம், நீதிபதி கண்டல நாகம்பிள்ளையின் நடுவாண்மையில் உடன்பாட்டை எய்திற்று.

அரசு ஆணை பிறந்தது. ஆயினும் ஏட்டில் எழுதிய ஆணை தானே நடந்து பள்ளிக்குச் செல்வதில்லை. ஊரூட்டம்பலம் பள்ளிக்குப் பஞ்சமி என்னும் சிறுமியை அய்யங்காளி அழைத்துச் சென்றபோது கலகம் மூண்டது, பள்ளிக்கூடமே எரியூட்டப்பட்டது. அப்பள்ளி இன்று அவ்விருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது.

பின்னர்த் திருமூலம் பிரஜா சபையில் உறுப்பினராகி, பள்ளிச் சேர்க்கைக்கும் கட்டணச் சலுகைக்கும் அவர் வாதாடினார். அச்சபை கூடிய விக்டோரியா ஜூபிலி நகர மண்டபத்துக்கு 2019இல் அய்யங்காளி மண்டபம் எனப் பெயர் சூட்டப்பட்டது. 1937இல் காந்தியடிகள் வெங்ஙானூர் வந்தபோது, தம் சமூகத்தில் பத்துப் பேரேனும் பி.ஏ. பட்டம் பெறக் காணவேண்டும் என்பதே தம் வேட்கை என்றார் அம்முதியவர். 1941இல் அவர் மறைந்தார்.

கேரளத்தின் எழுத்தறிவுச் சிறப்பை நாம் பாராட்டுகிறோம்; பாராட்டுதல் முறையே. ஆனால் அச்சிறப்பு அரசாணைகளால் மட்டும் விளைந்ததன்று. தம் குழந்தை படிக்கவேண்டும் எனத் தம் ஒருவேளைக் கஞ்சியையும் துறந்த பெற்றோர் அதற்கு வித்திட்டனர். அரசுப் பள்ளியொன்றின் குறை கண்டும் வாளாவிருக்கும் நமக்கு, அவர்கள் விட்டுச்சென்ற கடமை இன்னும் எஞ்சியுள்ளது.