வாந்தியை அடக்கிய கதை

தஞ்சாவூர், மன்னார்குடி, கும்பகோணம் வட்டாரத்தில் ஒருவருக்குக் ‘கரண்டு வைக்கிறாங்க’ என்றால் அது கதிர்வீச்சு. ‘மருந்து ஏத்துறாங்க’ என்றால் கீமோ. முதலாவதை உரக்கச் சொல்கிறவர்கள்கூட இரண்டாவதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். நோயைப் பற்றிய அச்சம் பாதி. மீதி, வாந்தியைப் பற்றியது. புற்றுநோய் மருத்துவத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் கட்டடங்களையும் கருவிகளையும் எண்ணுவார்கள். எத்தனை வேளைக் கஞ்சி வயிற்றில் தங்கியது என்பதுதான் நோயாளியின் கணக்கு.

புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-இல் மலக்குடல் புற்றால் இறந்தார். அந்தச் சாவு அக்காவை விடவில்லை. 31 ஆண்டுகள் கழித்து, 1954 ஜூன் 18 அன்று, அவருடைய முயற்சியில் மெட்ராஸ் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை திறந்தது. மறு ஆண்டு அங்கே சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021 ஜனவரியில் மறையும்வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை. தஞ்சாவூரில் 1959-இலேயே மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஆனாலும் புற்று என்றால் வைத்தீஸ்வரன் கோயிலுக்கு ஒரு வேண்டுதல், பிறகு மெட்ராஸுக்கு ஒரு டிக்கெட் என்பதே டெல்டாவில் நெடுங்காலம் நடைமுறை.

அந்த டிக்கெட்டைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. மெயின் லைனில் கும்பகோணம், மாயவரம், சிதம்பரம் வழியாக ஏறத்தாழ 350 கி.மீ. அன்றைய மீட்டர் கேஜ் வண்டியில் ஓர் இரவே போய்விடும். மருந்து ஏறிய உடம்போடு அதே வண்டியில் திரும்பியாக வேண்டும். சிஸ்பிளாட்டின் போன்ற மருந்து தரும் வாந்தி, முதல் நாளில் ஒரு முறை உச்சத்துக்குப் போகும். இரண்டாம், மூன்றாம் நாளில் மறுபடி எழும். அந்த இரண்டாவது அலை வரும்போது பக்கத்தில் டாக்டர் இருக்க மாட்டார். ரயில் பெட்டியும் கூட வந்த உறவும்தான் இருக்கும்.

கீமோ மருந்துகளின் பிறப்பில் நம் பக்கத்துச் சொந்தமும் உண்டு. போருக்கான நச்சுவாயு ஆராய்ச்சியிலிருந்து 1942-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் முதல் கீமோ மருந்து கிளைத்தது. மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லப்பிரகத சுப்பாராவின் குழு லெடர்லே ஆய்வகத்தில் உருவாக்கிய அமினோப்டெரினை, டாக்டர் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்று வந்த குழந்தைகளுக்குக் கொடுத்து, 1948-இல் முடிவை வெளியிட்டார். டெல்டாவின் வாசல்களிலும் சுடுகாட்டு ஓரங்களிலும் யாரும் கேட்காமலே பூக்கும் நித்தியகல்யாணிச் செடியில்தான் வின்பிளாஸ்டின், வின்கிறிஸ்டின் என்ற கீமோ மருந்துகள் இருக்கின்றன. வின்கிறிஸ்டின் மலச்சிக்கல் தரும், விரல் நுனிகளை மரத்துப்போகச் செய்யும். நாற்றுப் பறித்து நடும் கைக்கு அது சின்ன விஷயமல்ல.

ஆனால் எல்லாவற்றையும்விட அஞ்சப்பட்டது சிஸ்பிளாட்டின். அமெரிக்காவில் 1978-இல் அனுமதி பெற்ற இந்த மருந்து, தடுப்பு மாத்திரை இல்லாவிட்டால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வாந்தி எடுக்க வைக்கும். கருப்பைவாய்ப் புற்றுக்கும், புகையிலை போட்ட வாய்களில் வரும் புற்றுக்கும் இன்றுவரை கைகொடுப்பதும் அதுதான், விட்டுவிடவும் முடியாது. அந்த வாந்தியை அடக்க 1980-களில் மெட்டோகுளோப்ரமைடை ஊசியில் பெரிய அளவில் ஏற்றிப் பார்த்தார்கள். ஓரளவுதான் பலன்.

திருப்பம் 1990-இல் வந்தது. கீமோ மருந்து பட்டதும் குடலின் உட்சுவர்ச் செல்கள் செரோட்டோனினைக் கொட்டுகின்றன. அது நரம்பைத் தூண்டி மூளைக்கு வாந்திச் செய்தி அனுப்புகிறது. அந்தச் செய்தியை வழியிலேயே மறிக்கும் ஒண்டான்செட்ரானை கிளாக்ஸோ நிறுவனம் பிரிட்டனில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மருந்துகளில் பொருளுக்கு அல்ல, செய்முறைக்கு மட்டுமே காப்புரிமை தந்த 1970-ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தின் தயவில், இங்குள்ள நிறுவனங்கள் அதைத் தாங்களே தயாரித்தன. சிப்லாவின் எமிசெட் இன்று குழந்தைக்கு வாந்தி என்றாலே மருந்துக்கடையில் கேட்கும் பெயர். எத்தனையோ பேரைக் கீமோவின் ஆறாவது சுற்றுவரை கொண்டுபோய்ச் சேர்த்த மாத்திரை இவ்வளவு சாதாரணமாகிவிட்டதால்தானோ என்னவோ, அதன் வரலாற்றை யாரும் எழுதுவதில்லை.

21 நாளுக்கு ஒன்றாக ஆறு சுற்று என்பது ஒரு குறுவை விதைத்து அறுக்கிற காலம். நோயாளியின் வீட்டில் அந்த நாலு மாதமும் சமையற்கட்டின் வேலைதான் பெரிது. நொய்க் கஞ்சி, நீர்மோர், இஞ்சிச் சாறு. இஞ்சியில் உண்மை உண்டு: அமெரிக்காவில் 576 பேரிடம் நடந்து 2012-இல் வெளியான ஆய்வில், வாந்தித் தடுப்பு மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்த இஞ்சி முதல் நாள் குமட்டலைக் குறைத்தது. மாத்திரைக்குப் பதிலாக அல்ல, மாத்திரையோடு சேர்த்து. ஃப்ளோரோயுராசில் என்ற கீமோ மருந்தை ஊசியில் ஏற்றும்போது அரை மணி நேரம் வாயில் ஐஸ் கட்டி வைத்திருந்தால் வாய்ப்புண் குறையும் என்பதும் ஆய்வில் நிரூபணமானது. நார்த்தங்காய் ஊறுகாயை மட்டும் வாய்ப்புண் வந்தவருக்கு நீட்டக் கூடாது. டெல்டாவின் பெருமையான பழைய சோறும், வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் ஒதுங்கி நிற்பது நல்லது. சுடச்சுடச் சமைத்ததே பத்திரம்.

நோய் திரும்பி வந்தவர்களின் கதை தனி. ஊசி ஏறுமுன்பே, மருத்துவமனை வாசலைப் பார்த்ததுமே, ஸ்பிரிட் வாடை அடித்ததுமே வாந்தி எடுப்பவர்கள் உண்டு. முதல் முறை பட்டதை உடம்பு மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. இது மனபலக் குறைவு அல்ல, பழக்கப்பட்ட நரம்பின் வேலை என்பதை மருத்துவர்கள் 1980-களிலேயே பதிவு செய்துவிட்டார்கள். முதல் சுற்றிலேயே வாந்தியை வரவிடாமல் தடுப்பதுதான் இதற்குச் சிறந்த மருந்து. இரண்டாம் முறை சிகிச்சைக்கு ஒருவர் ஒத்துக்கொள்வதும் மறுப்பதும் பெரும்பாலும் அந்த முதல் முறை எப்படிக் கழிந்தது என்பதைப் பொறுத்தது.

வாந்தித் தடுப்பு மருந்துகளும் அதற்குள் மாறிவிட்டன. 2003-இல் அப்ரெபிடன்ட் வந்தது. மனநோய்க்குக் கொடுக்கப்படும் ஒலன்சபின் குமட்டலையும் அடக்கும் என்பது பிறகு தெரிந்தது. ஆனால் ஆளைத் தூங்கவைத்துவிடும். மும்பை டாடா நினைவு மருத்துவமனை, வழக்கமான 10 மில்லிகிராமுக்குப் பதில் 2.5 மில்லிகிராமே போதும், தூக்கக் கலக்கமும் குறைவு என்று 2024-இல் காட்டியது. விலை மலிவான மாத்திரை அது.

பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பட்ட பாட்டை நினைத்து மறு சிகிச்சைக்குத் தயங்குகிறவர், அந்தப் பாட்டை டாக்டரிடம் முதல் நாளே விவரமாகச் சொல்லட்டும். அதற்கேற்ப மருந்தைச் சேர்க்க இப்போது வழி இருக்கிறது. வீட்டுக்கு வந்தபின் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அந்த இரவே கிளம்ப வேண்டும். ரயிலில் போகிறவர்கள் மருத்துவமனையில் சலுகைப் படிவத்தை வாங்கிக்கொள்ளுங்கள்: ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் புற்றுநோயாளிக்குக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம்.