போலிப் பொருளும் வாங்குபவரின் அறமும்

புகழ்பெற்ற வெளிநாட்டு நிறுவனமொன்றின் முத்திரை பொறித்த கைப்பையைச் சில நூறு ரூபாய்க்கு வாங்குபவர், அது போலி என்று தெரிந்தேதான் வாங்குகிறார். இதில் தவறென்ன என்று கேட்டால் பொதுவாக இரண்டு பதில்கள் கிடைக்கும். அந்நிறுவனம் பெருஞ்செல்வம் உடையது, அசலை நாம் வாங்கப் போவதே இல்லையாதலால் அதற்கு இழப்பும் இல்லை என்பது ஒன்று. நம்மைச் சுரண்டிக் கொழுத்தவர்களின் முத்திரையை நாம் எடுத்துக்கொண்டால் என்ன குடி முழுகிவிடும் என்பது மற்றொன்று. இரண்டாவது பதில் வரலாற்றைத் துணைக்கு அழைப்பதால், அந்த வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

அவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்பவர் இந்தியத் துணிகளின் 700 மாதிரிகளைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி, 1866இல் 18 தொகுதிகளாக உருவாக்கினார். அவ்வாறு தயாரான 20 வரிசைகளில் 13 பிரித்தானியாவுக்கும் 7 இந்தியாவுக்கும் ஒதுக்கப்பட்டன. இந்தியர் எதை விரும்பி உடுத்துகிறார்கள் என்று ஆங்கில ஆலைக்காரர்கள் அறிந்து, அதைப் போலவே நெய்து இந்தியருக்கே விற்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அதற்கும் முன்பே ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரத் தறிகள் காஷ்மீரச் சால்வையைப் பார்த்து நெய்யத் தொடங்கியிருந்தன. நம் புடவைகளில் காணும் மாங்காய் உருவை இன்று உலகம் அந்த நகரின் பெயராலேயே அழைக்கிறது. உருவம் போயிற்று; கூடவே பெயரும் போயிற்று.

ஆனால், இந்தப் பறிப்புக்கு நம் முன்னோர் தந்த விடை என்ன? 1905இல் வங்கப் பிரிவினையை ஒட்டிச் சுதேசி இயக்கம் பரவியது. அதன் பொருட்டு வ.உ.சிதம்பரனாருடன் 1908இல் கைதாகிச் சிறைசென்ற சுப்பிரமணிய சிவா, தம் இறுதிக் காலத்தில் தருமபுரியை அடுத்த பாப்பாரப்பட்டியில் தங்கி, 1925 ஜூலை 23 அன்று அங்கேயே மறைந்தார். அவருடைய தலைமுறை மக்கள்முன் வைத்த கேள்வி எளியது: நாம் கொடுக்கும் காசு யார் கைக்குப் போகிறது? அவன் நம் துணியைப் பார்த்து நெய்தான், ஆகவே நாம் அவன் முத்திரையைக் குத்திக்கொள்வோம் என்பது அவர்கள் வழியாக இருக்கவில்லை.

அக்கேள்விக்கு விடையாக வந்த கதருக்கே போலி தோன்றியதுதான் வரலாற்றின் முரண். ஆலையில் முரட்டுத் துணியை நெய்து, கதர் என்ற பெயரில் விற்கலாயினர். இதில் நம் நாட்டு ஆலைகளுக்கும் பங்கிருந்தது. இதைத் தடுக்கவே 1934இல் கதர்ப் பெயர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இந்தியாவில் கையால் நூற்ற பருத்தி நூலைக் கைத்தறியில் நெய்தால் மட்டுமே அது கதர் என்று அச்சட்டம் வரையறுத்தது. அங்கே களவு போனவை இரண்டு. ஒன்று இராட்டை சுற்றிய ஏழைப் பெண்ணின் கூலி. மற்றொன்று அவளுக்காகக் கூடுதல் விலை கொடுக்க முன்வந்தவரின் நல்லெண்ணம்.

இன்று அதே கதை பட்டில் தொடர்கிறது. தருமபுரி வட்டார உழவர்கள் மல்பெரி பயிரிட்டுப் புழு வளர்த்து, பட்டுக்கூடுகளைத் தருமபுரி நகரிலுள்ள அரசு அங்காடியில் ஏலத்துக்குக் கொண்டுவருகிறார்கள். செயற்கை இழையில் நெய்த சேலை பட்டு என்ற பெயரில் விற்கும்போது, நெசவாளியோடு இந்த உழவரும் இழக்கிறார். கைத்தறிக்கு ஒதுக்கப்பட்ட இரகங்களை விசைத்தறியில் நெய்யக்கூடாது என்று 1985இல் சட்டம் இயற்றப்பட்டது. 1993இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2004இல் பட்டு முத்திரைத் திட்டமும், 2005இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடும் வந்தன. அவ்வாறு ஒதுக்கப்படாத இரகத்தை விசைத்தறியில் நெய்து, அதன் பெயராலேயே விற்றால் ஒரு குற்றமும் இல்லை. உடலையும் கரையையும் கோர்வை போட்டு நெய்தவரின் பெயரை அதற்குச் சூட்டுவதுதான் குற்றம்.

கைப்பை விஷயத்தில் வாங்குபவர் ஏமாறவில்லையே என்று கேட்கலாம். உண்மைதான். 1999ஆம் ஆண்டின் வணிகக் குறிச் சட்டம், போலி முத்திரையிட்ட பொருளை விற்பவருக்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை விதிக்கிறது. சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்குபவரை அது தண்டிப்பதில்லை. இத்தாலி 2005இல் வாங்குபவருக்கும் அபராதம் விதித்தது. நம் நாட்டில் அது அவரவர் மனச்சாட்சிக்கு விடப்பட்டிருக்கிறது.

ஆகவே சிவாவின் தலைமுறை கேட்ட கேள்வியையே அந்தப் பையிடமும் கேட்டுப் பார்ப்போம். அதைத் தைத்தவர் யார், எவ்வளவு கூலி பெற்றார், எத்தனை வயதினர் என்பதற்கு அதனிடம் விடையில்லை. வேறொருவர் பெயருக்குப் பின்னால் தைத்தவரை மறைப்பதே போலியின் இயல்பு. பெரிய நிறுவனத்துக்கு இழப்பில்லை என்று கொண்டாலும், ஒரு பெயருக்குப் பின்னால் உழைப்பு இருக்க வேண்டியதில்லை என்று பழகிய கண், நாளை பட்டுச் சேலையையும் அப்படித்தான் பார்க்கும். முத்திரை இல்லாத, நம்மூர்த் தையற்காரர் தைத்த பை ஒன்றும் அதே விலைக்குக் கிடைக்கத்தான் செய்கிறது. அது எந்தப் பெயரையும் கடன் வாங்குவதில்லை.