தொடுதோலும் துன்னரும்: தொண்டை நாட்டுத் தோல்வினை பற்றிய ஓர் ஆய்வு

செங்கற்பட்டிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் பெருவழியில், மதுராந்தகத்துக்குச் சற்று வடக்கே அமைந்துள்ளது கருங்குழி. வடலூரை அடுத்து வள்ளலார் தங்கியிருந்த கருங்குழி வேறு, இக்கருங்குழி வேறு. இவ்வூர்க் கோட்டையின் பொருட்டுப் பதினெட்டாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மாறி மாறிப் பொருதனர். 1759-இல் ஆங்கிலப் படைத்தலைவர் கூட் அதனைக் கைப்பற்றினார். பின்னர், 1795 முதல் 1825 வரை செங்கற்பட்டு மாவட்டத் தண்டலரின் தலைமையிடமாகவும் இவ்வூர் விளங்கிற்று. மதுராந்தகம் ஏரிக்கரை காத்த இராமர் கதையோடு பெயர் இணைந்து நிற்கும் லயோனல் பிளேசு என்பாரும் அக்காலத் தண்டலருள் ஒருவரே.

படையும் வணிகமும் ஆட்சியும் நடந்து சென்ற வழி இது. நடத்திச் சென்றோர் பெயர்களை ஏடுகள் காத்து வைத்துள்ளன. ஆனால் நடந்தார் கால்களைப் பரலினின்றும் முள்ளினின்றும் காத்த தோலைப் பதப்படுத்தித் தைத்துத் தந்தவர் யாவர்? கோட்டையின் வரலாற்றைக் கூறும் நூல்கள் அவரைக் கருதவில்லை. இவ்வினாவைத் தமிழ் இலக்கியத்தின் முன்னும் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஊர்க்கணக்கிலும் போர்க்குறிப்பிலும் கிடைக்காத சான்று சொல்லிலும் உவமையிலும் கிடைக்கும் என்பது நம் கருத்து.

முதற்கண் சொல்லைக் காண்போம். செருப்பு என்பது திராவிட மொழிகளுக்குப் பொதுவானதொரு பழஞ்சொல். மலையாளத்தில் செரிப்பு எனவும், தெலுங்கில் செப்பு எனவும், கன்னடத்தில் கெர, கெரவு எனவும் அது வழங்கும். தமிழிலும் தெலுங்கிலும் சகரம் நிற்கும் இடத்தில் கன்னடத்தில் ககரம் நிற்பது இம்மொழிகளின் ஒலியியல் அறிந்தார்க்குப் புதிதன்று. செவி என்பதற்குக் கன்னடம் கிவி என்று கூறுவதும் இவ்வாறே. எனவே இம்மொழிகள் தம்முள் பிரிவதற்கு முன்னரே காலணியும் அதற்கொரு பெயரும் இந்நிலத்தில் இருந்தன என்று கொள்ளுதல் பொருந்தும். பின்னர் வந்த வழக்குகளோ வந்தவரின் அடையாளத்தைத் தாங்கி நிற்கின்றன. பாதுகை வடமொழி தந்தது; சோடு வட இந்திய வழக்கினின்றும் வந்தது; ஈழத் தமிழர் இன்றும் வழங்கும் சப்பாத்து போர்த்துகேசியர் கொணர்ந்தது; பூட்சு ஆங்கிலேயரோடு வந்தது. ஒரு காலணியின் பெயர்களை வரிசைப்படுத்தினாலே கடல்வழியும் தரைவழியும் வந்தோர் வரலாறு ஒருவாறு புலப்படும்.

சங்க நூல்களில் இச்சொல் இயல்பாகப் பயின்று வருகின்றது. பதிற்றுப்பத்தின் மூன்றாம் பத்தில், பல்யானைச் செல்கெழு குட்டுவனைப் பாடும் பாலைக் கௌதமனார், பூழியர் நாட்டு மலையாகிய செருப்பைக் குறிக்குங்கால், அது காலால் மிதிக்கும் செருப்பு அன்று எனப் பொருள்படும் அடைமொழி தந்து பாடுகின்றார். கேட்போர் உள்ளத்தில் காலணியே முதலில் தோன்றும் என்று புலவர் கருதினாலன்றி இவ்வடைமொழிக்குத் தேவை இல்லை. புறநானூற்றின் 257-ஆம் பாடல், பகைவர்க்கு ஓயாது துன்பம் தரும் வீரனைச் செருப்பினுள் அகப்பட்ட சிறு பரலோடு ஒப்பிடுகின்றது. செருப்பணிந்து நெடுவழி நடந்து பழகியவர்க்கே இவ்வுவமை உறைக்கும்.

தொண்டை நாட்டுக்கு நேரே உரிய சான்று பெரும்பாணாற்றுப்படையில் உள்ளது. தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், மலைபடு பொருளும் கடல்படு பொருளும் கொண்டு வழிச்செல்லும் வணிகரைக் காட்டுகின்றார். அவர்தம் காலணியை அடியைப் புதைக்கும் அரண் என்னும் பொருள்படக் கூறுகின்றார். அரண் என்பது கோட்டைக்குரிய சொல். படை செல்லும் வழியில் நாட்டைக் காப்பது கோட்டை. வணிகன் செல்லும் வழியில் அவனைக் காப்பது தோல். அன்றியும், அடியைத் தாங்குவது என்னாது புதைப்பது என்றமையால், வாரிட்ட செருப்பேயன்றிப் பாதத்தை மூடும் காலணியும் அக்காலத்து வழங்கியிருக்கலாம் என நாம் கருதுகின்றோம். இந்நூல் குறிக்கும் நீர்ப்பெயற்று என்னும் பட்டினத்தை மாமல்லபுரத்தோடு இணைத்துக் காணும் அறிஞரும் உளர். அது பொருந்துமாயின், கடற்கரைக்கும் காஞ்சிக்கும் இடைப்பட்ட இந்நிலத்தின் வழிகளே அவ்வணிகர் காலணி தேய்த்த வழிகள் ஆகும்.

இனித் தைத்தவரைக் காண்போம். சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதை, புகார் நகரத்துக் கைவினைஞரை வரிசைப்படுத்துங்கால், துணி தைப்போரை அடுத்துத் தோலின் துன்னரையும் குறிக்கின்றது. துன்னுதல் தைத்தல். பொற்கொல்லரும் தச்சரும் நிற்கும் வரிசையிலேயே இவரும் நிற்கின்றனர். இளங்கோவடிகள் காட்டும் புகாரில் தோல்வினை, பட்டினத்தின் பல தொழில்களுள் ஒன்று.

புறநானூற்றின் 82-ஆம் பாடலோ வேறொரு நிலையைக் காட்டுகின்றது. போரவைக் கோப்பெருநற்கிள்ளி செய்த போரின் விரைவைக் கூறவந்த சாத்தந்தையார், தோல்வாரால் கட்டில் பிணிக்கும் ஒருவனை உவமை ஆக்குகின்றார். ஊரில் விழாத் தொடங்கிவிட்டது; மனைவிக்குப் பேற்றுவலி; மழை பெய்கின்றது; பொழுதும் சாய்கின்றது. இத்துணை நெருக்கடியில் கையிலுள்ள வேலையை முடிக்க விரையும் அவன் ஊசியினும் மன்னன் போர் விரைந்தது என்பது பாட்டின் கருத்து. உரைகாரரும் நம் போன்ற ஆசிரியரும் இங்கு மன்னன் விரைவையே விதந்து பேசுவர். எனினும் புலவர் காட்டும் மனிதனை ஒருகணம் நோக்குதல் வேண்டும். அவனுக்கு மனைவி உண்டு. பிறக்கப்போகும் மகவு உண்டு. விழாவுக்குச் செல்லும் விருப்பம் உண்டு. ஒப்புக்கொண்ட பணியை முடிக்காது எழக்கூடாது என்னும் கடமையும் உண்டு. சங்கப் பாட்டில் ஒரு தொழிலாளனின் ஒருநாள் மாலை இவ்வளவு தெளிவாகக் காட்டப்பட்ட இடம் அரிது. ஆயினும் அவனைச் சுட்டப் புலவர் எடுத்த சொல் இழிசினன் என்பது. மன்னனின் வீரத்தை அளக்க அவன் ஊசி வேண்டும். அவனுக்குப் பெயரோ வேண்டா. தோல்வினையின் சமூக வரலாறு முழுவதும் இவ்வோர் உவமையுள் அடங்கிக் கிடக்கின்றது எனலாம்.

அவ்வூசியின் தொழிலை அறியாது அவ்வுவமையை முற்றும் உணர இயலாது. பச்சைத் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிர் களைவர். உட்புறத்து ஊனைக் கத்தியால் வழித்தெடுப்பர். சுண்ணாம்பு நீங்கக் கழுவுவர். பின்னர் ஆவாரம்பட்டைச் சாற்றிலும் கடுக்காய்ச் சாற்றிலும் பல நாள் இடுவர். பட்டையின் துவர்ப்பு தோலின் நாரோடு கூடி, அழுகும் பொருளை அழுகாப் பொருளாக்குகின்றது. எண்ணெய் தேய்த்து உலர்த்திய பின்னரே தோல் தைப்பவன் கைக்கு வரும். அடித்தோலுக்கு எருமைத் தோலின் தடித்த பகுதியும், வாருக்கு மெல்லிய தோலும் தேர்வர். அடித்தோலை நனைத்துக் கல்லின்மேல் வைத்துச் சுத்தியால் அடிப்பர். நார்கள் நெருங்கி உறுதி பெறுதற்கு இது வேண்டும். குத்தூசியால் துளையிட்டு, மெழுகு தடவிய நூலையேனும் மெல்லிய தோல்வாரையேனும் நுழைத்து இறுக்குவர். மூடிய காலணியாயின், கால் வடிவில் செதுக்கிய அச்சுக்கட்டையின்மேல் ஈரத் தோலை இழுத்துப் பொருத்தி உலரவிடுவர்.

கைத்தையலில் நூலின் இருமுனைகளும் ஒரே துளையினூடே எதிரெதிராகச் செல்வது உண்டு. அத்தையலில் ஓரிழை அறுந்தாலும் அடுத்த தையல் எளிதில் நெகிழாது. காலணியின் ஆயுள் அத்தையலில் இருக்கின்றது. நாம் கூலி என்று சிறிதாய்க் கணக்கிட்டது இத்தகைய நுண்ணறிவுக்கே என்பதை மறத்தலாகாது.

இத்தொழில் காலோடு மட்டும் நின்றதன்று, கிணற்றோடும் இயைபுடையது. எருது பூட்டி நீர் இறைக்கும் கவலையில், சாலின் அடியில் இணைத்த தோற்குழாயை ஊர்த் தோல்வினைஞரே தைத்தனர். தோல் கிழியின் நீர் இல்லை. நீர் இல்லையேல் கிணற்றடிப் பயிர் இல்லை. ஆதலின் வேளாண் ஊர்களில் தச்சன், கொல்லன், குயவன் முதலியோர் போலவே, தோல்வினைஞரும் அறுவடைக் களத்தில் நெற்பங்கு பெறும் வழக்கம் இருந்தது. களத்தில் பங்கு, ஊரில் புறச்சேரி என்பதே அவர்க்கு வாய்த்த நிலை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நிலை மாறிற்று. அரைப்பதமிட்ட தோல் சென்னைத் துறைமுகத்தினின்றும் இலண்டனுக்குப் பெருவாரியாக ஏற்றுமதியாயிற்று. பதனிடுதல் ஊரைவிட்டுப் பட்டறைகளுக்குச் சென்றது. ஊர்த் தோல்வினைஞர்க்குத் தோல் அரிதாயிற்று. சென்னைக் கலைப்பள்ளியில் பணியாற்றிய ஆல்பிரட் சாட்டர்டன், சென்னை மாகாணத்துத் தோற்றொழில் பற்றித் தனிநூல் ஒன்றை 1904-இல் வெளியிட்டார். குரோமிய உப்பால் தோலைப் பதனிடும் புதுமுறையை அவர் இங்கு ஆய்ந்தபொழுது, நீரில் எளிதில் கெடாத கவலைத் தோல் செய்வதும் அவர் நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. பல்லாவரத்தை அடுத்துச் சேம்பர்சு என்பார் நிறுவிய குரோம் தோல் தொழிற்சாலையின் பெயரே குரோம்பேட்டை என ஊர்ப்பெயராயிற்று. கருங்குழியைக் கடக்கும் அதே பெருவழியில்தான் குரோம்பேட்டையும் உள்ளது. ஓரூர் கோட்டையால் அறியப்பட்டது. மற்றோர் ஊர் தோலால் பெயர் பெற்றது. அப்பெயரும் தைத்தவரைக் குறிக்காது, பதனிட்ட உப்பைக் குறித்து நிற்றல் கருதத்தக்கது.

1914 முதல் 1918 வரை நிகழ்ந்த உலகப் போரில் பிரித்தானியப் படையினரின் பூட்சுகளுக்குச் சென்னைத் தோல் பெருமளவில் பயன்பட்டது. 1948-இல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் சென்னை அடையாற்றில் நிறுவப்பட்டது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோற்றொழிலால் வெளிநாட்டிலும் அறியப்பெற்றன. மறுபுறம், மின் இறைப்பி பரவியதால் கவலை மறைந்தது. ஊர்த் தோல்வினைஞரின் களப்பங்கும் உடன் மறைந்தது. தொழில் வளர்ந்தது; தொழிலாளனின் பழைய நிலைக்களம் சரிந்தது.

இவ்வரலாற்றில் மறைத்தற்கு இயலாத பகுதி ஒன்று உண்டு. 1930-இல் இராமநாதபுர மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார், ஒடுக்கப்பட்டோர்மீது விதித்த தடைகளை ஹட்டன் என்னும் அறிஞர் தம் நூலில் தொகுத்துள்ளார். குடை பிடித்தலும் செருப்பணிதலும் கூடா என்பது அவற்றுள் ஒன்று. தோல் தொட்டவன் தீண்டத்தகாதவன். அவன் தைத்த தோலோ யாவர் காலிலும் தீண்டும். அவன் காலில் மட்டும் அது கூடாது. இம்முரணுக்கு எந்த நூலும் நியாயம் கூற இயலாது. தொழிலின் இயல்பால் வந்த இழிவன்று இது. தொழிலாளன்மீது சுமத்தப்பட்ட இழிவு.

தொண்டை நாட்டுப் பத்தி இலக்கியம் ஈண்டு நினைக்கத்தக்கது. குன்றத்தூர்ச் சேக்கிழார் பாடிய கண்ணப்பர், இறைவன் திருமுடியையே செருப்படியால் தீண்டிய அடியார். காஞ்சியை அடுத்த தூப்புலில் தோன்றிய வேதாந்த தேசிகர், அரங்கன் பாதுகையைப் போற்றி வடமொழியில் 1008 பாக்கள் இயற்றினார். இந்நாட்டுப் பெரியோர் காலணியை இழிபொருளாகக் கருதியவர் அல்லர். பொருளைப் போற்றிய மரபு அப்பொருளைச் செய்தவரைப் போற்றவில்லை என்பதே குறை.

ஆதலின் தமிழ்த்துறையினராகிய நமக்குரிய கடமை ஒன்றுண்டு. புறநானூற்றின் 82-ஆம் பாடலை வகுப்பில் கூறுங்கால் கிள்ளியின் விரைவோடு நிறுத்தாது, ஊசி பிடித்தவன் மாலைப்பொழுதையும் மாணவர்க்குக் காட்டுதல் வேண்டும். கைத்தொழிலாகக் காலணி தைக்கும் முதியோர் இன்னும் சாலையோரங்களில் உளர். கருவி, தையல், தோலின் பகுதி ஆகியவற்றுக்கு அவர் வழங்கும் சொற்கள் பல அகராதியுள் ஏறாதவை. அவர் இருக்கும்பொழுதே அவர்பால் சென்று, உரிய மதிப்போடு கேட்டு, அவற்றைத் தொகுத்தல் வேண்டும். பெயரின்றி உவமையுள் நின்ற அப்பழந்தொழிலாளனுக்கு, அவன் வழிவந்தோர் சொற்களையேனும் ஏட்டில் ஏற்றுதல் நாம் செலுத்தத்தக்க சிறு கடனாகும்.