புகைபோக்கியில் ரசவாதம்

சுங்கை பூலோவுக்கு மேற்கே, கிள்ளானை அடுத்த கடலோரத்தில் உள்ளது காப்பார் மின்சார நிலையம். 1980-களில் இயங்கத் தொடங்கி, பின்னர் 2,420 மெகாவாட் திறன்வரை வளர்ந்த இந்நிலையத்தின் முக்கிய எரிபொருள் கப்பலில் வந்திறங்கும் நிலக்கரி. அந்தக் கரிக்குள் பாதரசமும் உண்டு என்றால் பலர் நம்பமாட்டார்கள். பொதுவாக ஒரு டன் கரியில் ஒரு கிராமில் பத்திலொரு பங்கு அளவே இருக்கும். ஆயினும் நாள்தோறும் ஆயிரக்கணக்கான டன் எரிகையில் அது சிறு தொகையன்று. உலைச் சூட்டில் அது முழுவதும் ஆவியாகிவிடும். அந்த ஆவி எந்த உருவில் வெளியேறுகிறது என்பதே கேள்வி.

பிராணவாயு அதைப் பற்றிக்கொள்ளாதா? பிரெஞ்சு விஞ்ஞானி லவாய்சியர் 18-ஆம் நூற்றாண்டில் பாதரசத்தைக் காற்றுடன் வைத்துப் பன்னிரண்டு நாள் காய்ச்சியே சிறிதளவு சிவப்புப் பொடியைக் கண்டார். மேலும் சூடேற்றியதும் அப்பொடி பிராணவாயுவாகவும் ரசமாகவும் பிரிந்துவிட்டது. புகைக்கோ பன்னிரண்டு நாள் ஏது? சில விநாடிகளில் குளிர்ந்து வெளியேறிவிடுகிறது.

ரசத்தைக் கட்டும் வழி நம் சித்த வைத்தியர்களின் அடுப்பங்கரையில் இருந்தது. ரசத்துடன் உப்பும் வேறு சில சரக்குகளும் சேர்த்துச் சட்டியில் அடைத்து எரித்து, பதங்கமாக எடுப்பதே பூரம். அதன் உறவான வீரம், நீரில் கரையும் கொடிய நஞ்சு. ரசத்தைப் பிடித்தது உப்பிலுள்ள குளோரின் என்பதை அவர்கள் அறியார், காரியத்தை அறிந்திருந்தார்கள். நவீன ரசாயனத்தையே முன்னோர் கண்டுவிட்டார்கள் என்று மார்தட்டுவதற்கு இதில் இடமில்லை.

நிலக்கரியிலும் குளோரின் உண்டு. ஆனால் எரிந்தபின் அதில் பெரும்பகுதி ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியாகவே நிற்கும். அந்த ஆவி ரசத்தை எளிதில் தொடாது. அமில ஆவியிலிருந்து குளோரினைப் பிரிக்கத் தாமிர உப்பை ஊக்கியாகப் பயன்படுத்தலாம் என்று இங்கிலாந்தின் ஹென்றி டீக்கன் 1868-இல் காட்டினார். புகையில் பறக்கும் சாம்பலிலுள்ள உலோகங்களும் எரியாத கரித்துகளும் ஓரளவு அதே வேலையைச் செய்கின்றன. இப்படிக் கட்டுண்ட ரசம் நீரில் கரையும். புகையைக் கழுவும் கருவியில் அகப்படும். கட்டுப்படாத ரசமோ மாதக்கணக்கில் காற்றில் அலைந்து கடல்கடந்து போகும். மலேசியாவுக்கு அதிகம் வரும் இந்தோனேசியக் கரி பொதுவாகக் குளோரின் குறைந்தது என்பதை இங்கே கவனிக்கவேண்டும்.

அதற்காகக் குளோரினைக் கூட்டினால் போதுமா? கட்டிய ரசத்தைக் கழுவிப் பிடிக்காவிட்டால் அது மழையோடு அக்கம்பக்கத்திலேயே இறங்கும். ஆற்றிலும் கடலிலும் கிருமிகள் அதை மெதில் பாதரசமாக மாற்ற, மீனில் சேரும். தொழிற்சாலைக் கழிவுநீரால் ஜப்பானின் மினமாட்டாவில் மீனுண்டவர்கள் நரம்பு நோய்க்கு ஆளான கொடுமை 1956-இல் வெளிப்பட்டது. அவ்வூர்ப் பெயரால் அமைந்த உலக உடன்படிக்கை 2017 ஆகஸ்ட் 16 முதல் நடைமுறையில் உள்ளது. நிலக்கரி மின்நிலையப் புகையும் அதில் அடக்கம்.

இன்று குளோரினைவிட விரைந்து செயல்படும் புரோமினைக் கரித்தூளில் ஏற்றிப் புகையில் தூவுகிறார்கள். பிடிபட்ட ரசம் சாம்பலுடன் சேர்கிறது. அச்சாம்பலைச் சிமெண்டுச் சூளையில் இட்டு மறுபடி சுட்டால், ரசம் மீண்டும் ஆவியாகிக் கிளம்பிவிடும்.