மிளகும் தெனாரியமும்: நொய்யற்கரையும் ரோமரின் விருந்து மேசையும்

செல்வர் எதை உண்டனர், அதற்கு எவ்வளவு கொடுத்தனர் என்னும் செய்திகள் திருமறை ஆராய்ச்சிக்கும் உதவுவன. புதிய ஏற்பாட்டுக் கால ரோமரின் ஆடம்பர விருந்துகளுக்கும் இன்றைய திருப்பூர் வட்டாரத்துக்கும் இருந்த தொடர்பு இதற்குத் தக்க சான்றாகும்.

கி.பி. முதலாம் நூற்றாண்டில் ரோமாபுரிச் செல்வர் பெரிதும் விரும்பிய பொருள்களுள் சேரநாட்டு மிளகும் ஒன்று. அபிசியுவின் பெயரால் வழங்கும் ரோமச் சமையல் நூலில் பெரும்பாலான உணவுகளில் மிளகு சேர்கிறது. கி.பி. 77 அளவில் எழுதிய பிளினி, கருமிளகு இராத்தல் ஒன்றுக்கு 4 தெனாரியம், வெண்மிளகு 7, திப்பிலி 15 என விலை கூறுகிறார். காரமன்றி வேறு சிறப்பில்லாத ஒரு பொருளுக்காக இந்தியாவரை செல்கின்றனரே என வியக்கும் அவர், ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்தர்ஸ், அதாவது 1.25 கோடி தெனாரியம், இந்தியாவுக்குச் செல்வதாகக் குறைகூறுகிறார்.

நம் பழைய மொழிபெயர்ப்பில் 'பணம்' எனப்படுவது இத்தெனாரியமே. திராட்சத்தோட்ட உவமையில் (மத். 20) அது ஒரு நாட்கூலி. ஆகவே ஓர் இராத்தல் கருமிளகு, கூலியாள் ஒருவனின் நான்கு நாள் உழைப்புக்குச் சமம்.

முசிறியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூர் நோக்கிச் சென்ற பெருவழி நொய்யலை ஒட்டியது. அவ்வழியிலிருந்த கொடுமணலில் அரிய கற்கள் மணிகளாயின. 1800இல் பொள்ளாச்சியிலும், பின்னர்த் திருப்பூரையடுத்த கத்தாங்கண்ணியிலும் அகுஸ்து, திபேரியு ஆகியோரின் வெள்ளித் தெனாரியங்கள் புதையலாகக் கிடைத்தன. நம் ஆண்டவர் காட்டச் சொன்ன வரிக்காசும் திபேரியுவின் தெனாரியமே என அறிஞர் பலர் கருதுவர்.

எதிர்த்திசையில் மது வந்தது. 1945இல் வீலர் அரிக்கமேட்டை அகழ்ந்தபோது மத்தியதரைக்கடல் நாட்டு மதுச்சாடிகளின் உடைசல்கள் வெளிப்பட்டன. யவனர் கொணர்ந்த மதுவைப் பொற்கலத்தில் மகளிர் ஏந்தி அளிக்கப் பாண்டியன் நன்மாறன் அருந்தி மகிழ்வானாக என நக்கீரர் வாழ்த்துவதைப் புறநானூற்றில் (56) காண்கிறோம். ஆகவே ஆடம்பரத்தை மேனாட்டார் குற்றமென ஒதுக்குவதற்கில்லை.

இவ்வணிகம் செழித்த நாட்களில்தான், கி.பி. 55 அளவில், பவுல் கொரிந்து சபைக்கு எழுதினார். கர்த்தருடைய பந்தியிலேயே ஒருவன் பசித்திருக்க மற்றொருவன் வெறித்திருந்தான். ஓய்வுடைய செல்வர் முந்தி வந்து உண்டனர் என்றும், அடிமைகளும் கூலியாட்களும் வேலை முடித்துப் பிந்தி வந்தனர் என்றும் விளக்குவோர் உளர். பாபிலோனின் சரக்குப் பட்டியலோ (வெளி. 18) பொன்னில் தொடங்கி, இலவங்கப்பட்டை, திராட்சரசம் முதலியவற்றைக் கடந்து, மனிதரின் ஆத்துமாக்களில் முடிகிறது. விருந்தின் இறுதிக் கணக்கை யோவான் அங்கே காட்டுகிறார்.

இன்று அதே நொய்யற்கரையிலிருந்து பின்னலாடைகள் மேனாடுகளுக்குச் செல்கின்றன. ஒன்றரை ஷிப்ட் முடித்துத் திருச்சபைக்குப் பிந்தி வரும் தொழிலாளர் அங்கும் உண்டு. ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்னும் அப்போஸ்தலனின் கட்டளையை, திருவிருந்தை மட்டுமன்றி அறுப்பின் பண்டிகை விருந்தையும் திருமண விருந்தையும் நடத்தும் போதகர்கள் அவர்களை முன்னிட்டே வாசித்தல் தகும்.